மீதி மருந்து

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொட்டகையின் மேற்கு மூலையில் ஒழுகுகிறது. ஜெயசிங் ஏறி ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, பால் கொடுக்க வள்ளியூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இருபத்திரண்டு ஆடும் கறந்து பதினெட்டு லிட்டர்.

அல்லி இன்று எளிதில் கறக்கவிடவில்லை. கையை வைத்தாலே உதைத்தாள். மடியின் வலது பக்கம் சூடு. முதல் பீச்சில் பால் திரிதிரியாக வந்தது. மழைக்காலத்தில் இந்த மடிநோய் வருவதுதான். ஒரு ஊசி போட்டேன். காம்பு வழியாக டியூப் மருந்தில் பாதியை ஏற்றினேன். மீதியை மூடி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். ஒரு பக்க மடிக்கு ஒரு டியூப் முழுவதும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அது மாட்டுக்கு எழுதியது.

"ஒருக்க டாக்டர வரச் சொல்லுவமா?" என்று ஜெயசிங் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து சின்ன விஷயத்துக்கெல்லாம் அவருக்கு டாக்டர் வேண்டும். கிளினிக்கில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். டாக்டர் எழுதுவார், நான் போடுவேன். எத்தனையோ தடவை அவர் எழுதும் முன்பே என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் முகம் சுளிப்பார். இங்கே யாரும் சுளிப்பதில்லை.

நவம்பர் 5, புதன்

அல்லியின் பால் தெளிந்துவிட்டது. ஊசியை நிறுத்தினேன். மாலைப் பாலைக் கேனில் சேர்த்தேன்.

பக்கத்துத் தோட்டத்துச் சொர்ணம் வந்தாள். புருஷன் கேரளாவில் வேலை. மூன்று ஆடுகளும் இரண்டு பிள்ளைகளுமாக இவள் மட்டும் இருக்கிறாள். அவளுடைய கறுப்பி குட்டி போட்டு நாலு நாள். மடி வீங்கியிருக்கிறதாம். அல்லியைக் கறந்து முடித்த கையோடு போய்ப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் ஃபிரிட்ஜில் இருந்த மீதி டியூபைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தேன். எதையும் வீணாக்க எனக்கு மனம் வராது.

"மைனி, நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு டாக்டரு?" என்றாள். முருங்கைக்காய் ஐந்து கொடுத்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

அல்லிக்குத் திரும்பவும் திரி. கோயிலுக்குப் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் கட்டும் நெட்டைக்கும் சிட்டுக்கும் இன்று மடி கல்லாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

பழைய மருந்து கேட்கவில்லை. மருந்துக்கடையில் கொஞ்சம் வீரியமானதாக வாங்கிவந்தேன், மனிதர்களுக்குப் போடுவது. கடைக்காரருக்கு என்னைக் கிளினிக் காலத்திலிருந்து தெரியும். சீட்டுக் கேட்கவில்லை.

கடலைக்கொடி நனைந்துவிட்டது. காயவைக்க வெயில் இல்லை. அகத்தி வெட்டிப் போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. ஆறு ஆட்டுக்கு வந்துவிட்டது.

நவம்பர் 15, சனி

நான் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது ஜெயசிங் என்னிடம் சொல்லாமலே கால்நடை டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். எனக்குக் கோபம். "ஆடு ஒனக்கு மட்டும்தானா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்தது மூன்றாவது தடவை.

டாக்டர் முபீனா ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயது இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நேராகக் கொட்டகைக்குள் போய் என் கறவைத் துண்டைத்தான் முதலில் பார்த்தார்.

"எல்லா ஆட்டுக்கும் இந்தத் துண்டுதானாக்கா?"

"தெனமும் துவைக்கேன் டாக்டர்."

அவர் பையைத் திறந்தார். குழிக்குழியான ஒரு தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் பாலைப் பீச்சி, ஊதா நிறத் திரவம் ஒன்றை ஊற்றி ஆட்டினார். நல்ல பால் அப்படியே ஓடியது. நோய்ப் பால் கஞ்சியாகக் கட்டிக்கொண்டது. ஆறு என்று நான் நினைத்திருந்தது ஒன்பது. மூன்று ஆடுகள் வெளியே ஒன்றும் காட்டாமலே நோயை வைத்திருந்திருக்கின்றன. அவற்றின் பாலும் தினமும் கேனில் போயிருக்கிறது.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஒண்ணு ரெண்டு ஊசி. அவ்வளவுதான்."

ஒன்பது ஆட்டுப் பாலையும் சிறு புட்டிகளில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். பரிசோதனைக்கூடத்து முடிவு வரும்வரை எந்த ஊசியும் கூடாது. ஒன்பதின் பாலையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுக் கொட்ட வேண்டும். நல்ல ஆடுகளை முதலில் கறக்க வேண்டும், நோய்ப்பட்டவற்றைக் கடைசியில். ஒரு காம்புக்கு ஒரு துணி. கறந்ததும் காம்பை அயோடின் மருந்தில் முக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கிளினிக்கில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கை கழுவாத பெண்களை நானே விரட்டியிருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

பழைய சேலைகளைக் கிழித்து நாற்பத்து நாலு துணி. கொதிக்கவைத்து உலர்த்தவே காலை போய்விட்டது. நல்ல பால் ஒன்பதரை லிட்டர். குழியில் கொட்டியதை அளக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பதினொரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். ஒன்பதிலும் ஒரே கிருமி. பதினொரு மருந்தை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர். வாசிக்கச் சொன்னேன். அவர் வரிசையாக வாசித்தார். ஆர், ஆர், ஆர். என் ஃபிரிட்ஜில் இருந்த மூன்றும் அதில் வந்தன. ஒன்பது ஆர். இரண்டே இரண்டு எஸ்.

"அந்த ரெண்டுல ஒண்ணு ஆஸ்பத்திரில மனுஷங்களுக்குன்னு கடைசியா வச்சிருக்கிறது. அத நான் ஆட்டுக்குத் தொட மாட்டேன். இன்னொண்ணு இருக்கு. ஆனா ரொம்ப நாளா மடிக்குள்ள தங்கிட்டதுன்னா அதுவும் சந்தேகந்தான்."

"எப்படி டாக்டர் இப்படி வரும்?"

"இந்தக் கிருமி இந்த மருந்தையெல்லாம் ஏற்கெனவே பாத்திருக்குக்கா. பாத்துட்டுச் சாகாம தப்பிச்சிருக்கு. கடந்த மூணு வருஷத்துல எந்த ஆட்டுக்கு என்ன மருந்து, எத்தன நாள்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். டைரி எழுதுவேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மதியம் பழைய டைரிகள் மூன்றையும் எடுத்து உட்கார்ந்தேன். அப்படியே எழுதுகிறேன்.

"ஜூலை 11. சிட்டுக்கு மடி வீக்கம். ஊசி. ஜூலை 13. தெளிந்தது. நிறுத்தினேன்."

"செப்டம்பர் 2. நெட்டைக்குக் காம்பில் புண். சிட்டுக்கு வாங்கியதில் மீதி இருந்தது, போட்டேன்."

"அக்டோபர் 19. மழை வரப்போகிறது. முன்கூட்டியே எல்லாருக்கும் ஆளுக்கொரு ஊசி போட்டுவிட்டேன். இந்த வருஷம் நிம்மதி."

"ஜனவரி 30. அல்லிக்கு ஊசி, இரண்டாம் நாளே குணம். சொர்ணம் என்னை டாக்டரம்மா என்கிறாள்."

மூன்று வருஷத்தில் முப்பத்தெட்டு தடவை. அதில் போட வேண்டிய ஐந்து நாளும் முழுதாகப் போட்டது மூன்று தடவை. நிறுத்தியதற்குக் காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பால் தெளிந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் அதற்கு அடுத்த வரி, "கேனில் சேர்த்தேன்."

டாக்டருக்கு ஒரு தாளில் பட்டியல் எழுதினேன். பதினொன்று வந்தது. மற்றவை எழுதுகிற அளவுக்கு இல்லை. ஒரு நாள் போட்டதையெல்லாம் சிகிச்சை என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 22, சனி

டாக்டர் வந்து, கேட்கக்கூடிய அந்த ஒரு மருந்தை இளம் ஆடுகள் இரண்டுக்குத் தொடங்கினார். அல்லியோடு சேர்த்து மற்ற ஏழும் பழைய நோய், மடிக்குள் கட்டி விழுந்துவிட்டது, அவற்றுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார். பட்டியலைக் கொடுத்தேன். வாசித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துல யாராவது ஆடு வச்சிருக்காங்களா? நீங்க போய்த் தொட்ட ஆடு ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

ஜெயசிங் அப்போது தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பவும் கழுவினார்.

நவம்பர் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தலைவலி.

நவம்பர் 24, திங்கள்

சொர்ணம் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏதாவது இருந்தால் அவளே வந்திருப்பாள்.

நவம்பர் 26, புதன்

வந்தாள். காலை எட்டு மணி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினாள்.

"மைனி! கறுப்பி மடிய வந்து பாருங்க. ஒரு மாதிரி நீலம் பாஞ்சு கெடக்கு. குட்டியக் கிட்ட விட மாட்டேங்கு. நேத்துலேர்ந்து தீனி திங்கல."

போனேன். கறுப்பி சுவரோரம் நின்றது, பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு. மடியின் இடது பாதி நாவல்பழ நிறம். தொட்டேன். குளிர்ந்திருந்தது. உயிருள்ள ஆட்டின் உடம்பு அப்படிக் குளிரக் கூடாது. வலது பக்கம் சூடு, இடது பக்கம் ஈர மண். நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. காம்பைப் பிதுக்கியபோது பால் வரவில்லை, சிவந்த தண்ணீர் வந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர்களின் அழுகிய காலுக்குக் கட்டுப் போட்ட கை இது.

இரண்டு குட்டிகளும் பசியில் கத்தின. சொர்ணம் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊசி போடுங்க மைனி. அன்னைக்குக் குடுத்தீங்கல்லா, அந்த மருந்தே குடுங்க. அன்னைக்கு நல்லாத்தான கேட்டுச்சு" என்றாள்.

கையில் போன் இருந்தது. அவள் முன்னாலேயே டாக்டரைக் கூப்பிட்டேன். தள்ளிப் போய்ப் பேசலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போகவில்லை.

"டாக்டர், பக்கத்துல ஆடு இல்லன்னு சொன்னேன்லா. இருக்கு. இங்கதான் நிக்கேன். மடி பாதி செத்துப்போச்சு. அல்லிக்கு ஏத்துன டியூப்ல மீதிய இந்த ஆட்டுக்கு ஏத்துனேன். அதே முனை. அல்லியக் கறந்த கையக்கூடக் கழுவல. அஞ்சாம் தேதி. நான் எழுதிக் குடுத்த பட்டியலும் பொய். முப்பத்தெட்டு இருக்கு."

"ஆட்ட நெழல்ல கட்டுங்க. தண்ணி வைங்க. ஒரு மருந்தும் போடாதீங்க. வாரேன்" என்று வைத்துவிட்டார்.

சொர்ணம் குட்டியை இறக்கிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

"ஒங்கள நம்பித்தான மைனி கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 27, வியாழன்

டாக்டர் நேற்று சாயங்காலம் வரை சொர்ணத்தின் தோட்டத்தில்தான் இருந்தார். ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, கேட்கிற அந்த ஒரு மருந்தையும் போட்டிருக்கிறார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கறுப்பி பிழைக்கலாம், செத்த பாதி தானாகக் கழன்று விழும், இனி அதற்குப் பால் இல்லை என்று ஜெயசிங்கிடம் சொன்னாராம். மற்ற இரண்டு ஆடும் இன்னும் குட்டி போடவில்லை. அவற்றைத் தனியாகக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை என்னிடம் வந்தார். மூன்று டைரிகளையும் கொடுத்தேன். தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, "எல்லாருக்கும் ஆளுக்கொரு ஊசி" என்று வாய்விட்டு வாசித்தார்.

"திட்டுங்க டாக்டர்."

"திட்டி என்னக்கா ஆகப்போவுது? சனிக்கிழம கேட்டேன், புதன்கிழம சொன்னீங்க. அந்த நாலு நாள மட்டும் தர முடிஞ்சா தாங்க. அந்த ஆட்டு மடியக் காப்பாத்தியிருப்பேன்."

பிறகு டைரிகளைத் தன் பையில் வைக்கட்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நவம்பர் 28, வெள்ளி

சொர்ணத்தின் குட்டிகளுக்குப் பால் வேண்டும். நல்ல ஆட்டுப் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாகப் புட்டியில் ஊற்றி ஜெயசிங்கிடம் கொடுத்தனுப்புகிறேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. நானே கொண்டுபோவதாகச் சொன்னேன். "அவ ஒன்ன வரவேண்டாம்னுட்டா" என்றார். புட்டியை மட்டும் வாங்கிக்கொள்கிறாளாம்.

நவம்பர் 30, ஞாயிறு

எமீமா டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் மகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வருஷமாக எங்கள் பால்தான். நாங்கள் பால் ஊற்றத் தொடங்கிய முதல் வீடு அது, அதனால் முதலில் அங்கே.

"இந்த மாசம் ஊசி போட்ட ஆட்டோட பாலையும் சேத்துக் குடுத்திருக்கேன் டீச்சர். நோய்ப்பட்ட ஆட்டோட பாலும் கலந்திருக்கு. நீங்க காய்ச்சித்தான் குடுப்பீங்க. கிருமி செத்திருக்கும். ஆனா மருந்து காய்ச்சினாப் போவாது."

"எத்தன நாளு?" என்றார்.

"இந்த மாசம் மட்டும் இல்ல."

"பிள்ளைய நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டிட்டுப் பேசுதேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் பதினாறு வீடுகள் இருந்தன. மதியத்துக்குள் முடித்தேன். பாதிப் பேர் இனி வேண்டாம் என்றார்கள். ஒருவர் மட்டும், "அதெல்லாம் எல்லாப் பால்லயும் இருக்கும்மா" என்று சிரித்தார். அவர் சிரித்ததுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

எமீமா டீச்சர் பேசினார். பிள்ளை நன்றாக இருக்கிறாள். பால் வேண்டாம்.

அல்லி, நெட்டை, சிட்டு, அவற்றோடு நாலு. ஏழையும் மந்தையில் வைக்கக் கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். எங்கே வைத்தாலும் கிருமி மற்ற ஆடுகளுக்கு வரும். கறிக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் உடம்பில் இருக்கும் மருந்து போகும்வரை பொறுத்து. கடைசி ஊசி போட்டது நவம்பர் பதினாலாம் தேதி. டிசம்பர் பத்தொன்பது என்று டாக்டர் நாள் குறித்தார்.

"இன்னைக்கே அனுப்பிட்டா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும் டாக்டர்" என்றேன்.

"திங்கறவங்களுக்கு?" என்றார்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஏழுக்கும் தெற்கே தனிப் பட்டி. தினமும் கடைசியாக அங்கே போகிறேன். வேறு செருப்பு, வேறு வாளி. கறவை வற்றவைக்கத் தீனியைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். அல்லி வேலியில் தலையை வைத்து என் சேலையைக் கடித்து இழுக்கிறாள். இங்கே பிறந்தவள் அவள். நான் வாங்கிய முதல் ஆட்டின் முதல் குட்டி.

டிசம்பர் 12, வெள்ளி

கறுப்பியின் மடியில் செத்த பாதி கழன்று விழுந்துவிட்டதாம். உள்ளே சிவப்பாகச் சதை பிடிக்கிறதாம். தினமும் இரண்டு தடவை சொர்ணமே உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து வைக்கிறாள். "நர்சு மாதிரி சுத்தமாப் பண்ணுதா" என்றார் ஜெயசிங். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

வண்டி வந்தது. ஏழும் போயின.

டிசம்பர் 25, வியாழன்

மருந்து போட்ட இளம் ஆடுகள் இரண்டின் முடிவும் வந்தது. ஒன்றில் கிருமி இல்லை. மற்றதில் இருக்கிறது. அதையும் பட்டியில் பிரித்துக் கட்டினேன். பதினாலு ஆடு மிச்சம்.

சொர்ணத்துக்கு ஒரு குட்டியுள்ள ஆட்டைக் கொடுக்க ஆசை. மூன்று தடவை பரிசோதித்துச் சுத்தம் என்று வந்த ஆடு. ஜெயசிங் போய்க் கேட்டார். "எனக்கு இருக்கது போதும்னு சொல்லுங்கண்ணே" என்றாளாம். பண்டிகைப் பலகாரத்தை மட்டும் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள்.

ஜனவரி 6, செவ்வாய்

பதினாலு ஆடு, பதினோரு லிட்டர். ஒரு ஊசியும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த மிச்சப் புட்டிகளையும் டியூபுகளையும் டாக்டரிடம் ஒப்படைத்தேன். பத்தொன்பது இருந்தன. இப்போது அங்கே எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து துணி மாற்றிக்கொண்டிருந்தேன். "மைனி" என்று கேட்டது. ஒன்றரை மாதமாகக் கேட்காத குரல். வேலியோரம் சொர்ணம்.

"செவலை நேத்து குட்டி போட்டா. இன்னைக்கு உடம்பு கொதிக்கி. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்காவளாம். இவ ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கா. பிள்ளைங்க பயப்படுதுவ. வந்து பிடிச்சுக்கிடுதீங்களா?"

சோப்புப் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை கழுவிக்கொண்டு போனேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். செவலையின் கழுத்தை என் இடுப்போடு அணைத்துப் பிடித்தேன். முதலில் திமிறியது, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. சுவரோரம் கறுப்பி அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. அதன் குட்டிகள் வளர்ந்துவிட்டன.

நான் செவலையின் மடியைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

"என்னவா இருக்கும் மைனி?" என்று சொர்ணம் கேட்டாள்.

"தெரியலட்டி" என்றேன். "டாக்டர் வந்து பாக்கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டின் மறுபக்கம் வந்து, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.